செலவழிக்க மனம் வராத நோட்டுகள்

கடையில் நீட்டினால் செல்லும். ஆனால் நீட்ட மனம் வராது. அப்படியும் ஒரு பணம் உண்டோ என்று நண்பர்கள் நகைக்கலாம். சீனநாட்டின் நினைவு நோட்டுகள் அத்தகையவையே.

காகிதத்தைப் பணமாக்கி உலகிற்குக் காட்டிய நாடு சீனம். சுங் மரபினர் ஆட்சியில், கனத்த இரும்புக் காசுகளைச் சுமக்க மாட்டாத வணிகர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டனர். 1020களில் அப்பொறுப்பை அரசே ஏற்றது. 1375இல் மிங் அரசர் வெளியிட்ட நோட்டு ஓர் அடிக்கும் மேல் நீளமுடையது. முசுக்கட்டை மரப்பட்டையில் செய்த தாள். கள்ள நோட்டு அடிப்பவன் தலை போகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருந்தது! ஆனால், கள்ளனைத் தடுத்த அரசு தன் கையைத் தடுக்கவில்லை. மேன்மேலும் அச்சடித்ததால் அந்த நோட்டு மதிப்பிழந்தது.

இன்றைய சீன மக்கள் வங்கி தோன்றியது 1948இல். அதன் முதல் நினைவு நோட்டு, மக்கள் குடியரசின் பொன்விழாவை ஒட்டி 1999இல் வந்த 50 யுவான். அடுத்த ஆண்டே, புத்தாயிரத்தை வரவேற்க, பிளாஸ்டிக்கில் 100 யுவான் நோட்டு வந்தது. பெய்காய் பூங்காவின் ஒன்பது டிராகன் சுவரிலிருந்து எடுத்த டிராகன் அதில் சீறுகிறது. என்னைக் கேட்டால் இதுவரை வந்தவற்றுள் இதுவே அழகு.

ஆனால் விலையை நிர்ணயிப்பது அழகன்று, எண்ணிக்கை. அந்த டிராகன் நோட்டு 1 கோடியே அச்சாயிற்று. 2008 ஒலிம்பிக் நோட்டு வெறும் 60 இலட்சம். அதன் முகமதிப்பு 10 யுவான்தான், சேகரிப்போர் சந்தையிலோ நூறு மடங்கிற்கும் மேல் ஏறிற்று. 2015இல் விண்வெளிச் சாதனைகளைப் போற்றி வந்த 100 யுவான் நோட்டோ 30 கோடி. 2024 டிராகன் ஆண்டின் 20 யுவான் நோட்டு 10 கோடி. நூற்று நாற்பது கோடி மக்களுக்கு 60 இலட்சம் என்பது எங்கே, 30 கோடி என்பது எங்கே?

வங்கியில் வரிசையில் நின்று முகமதிப்புக்குப் பெற்றவருக்கு நட்டமில்லை. அந்நோட்டு என்றும் சட்டப்படி செல்லும். ஆசையில் தரகரிடம் பலமடங்கு கொடுத்தவர் நிலைதான் பரிதாபம். விலை சரிந்தால் அவர் கையில் மிஞ்சுவது அதே 100 யுவான்.

தொடர் எண்ணிலும் ஒரு வேடிக்கை உண்டு. 8 செல்வத்தைக் குறிக்கும் எண். பல எட்டுகள் உள்ள நோட்டுக்குத் தனி விலை. 4 என்பதன் ஒலி சாவு என்ற சொல்லை நினைவூட்டுவதால் அதனை விரும்புவாரில்லை. ஒரு மடிப்பு விழுந்தாலும் விலை குறையும். ஆதலால் சேகரிப்போர் நோட்டைப் பையில் வைப்பதில்லை. உறையிலிட்டுப் பூட்டி வைக்கின்றனர்.

அளவின்றி அச்சடித்துச் சீரழிந்த மிங் நோட்டு என்னவாயிற்று என்று கேட்கலாம். காலம் கழித்து எஞ்சியவை சிலவே. அவற்றுள் ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.