ஊற்றை மீறி இறைத்தால்

"ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனால் ஒரு நாள் ஒட்டடை அடித்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. இது சோம்பலா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சோம்பல் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். அவை எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் நீடித்தால், நாள்பட்ட களைப்பு நோயாக இருக்கலாம்.

இந்நோயின் தனி அடையாளம், உழைத்த பிறகு வரும் சரிவு. அது உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ ஆளைச் சாய்க்கும். படித்த வரி மனதில் நிற்காது, எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும்.

இதை அளந்து காட்டிய சோதனை அபாரமானது. நோயாளியை சைக்கிள் மிதிக்கவிட்டு, அவர் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். மறுநாளும் அதே சோதனை. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமானவருக்கும் இரண்டு நாள் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்நோயாளிகள் பலருக்கோ, முதல் நாளைவிடக் குறைந்த உழைப்பிலேயே தசைகள் ஆக்சிஜனின்றி ஆற்றல் எடுக்கும் வழிக்கு மாறிவிடுகின்றன. பழக்கமின்மைதான் காரணமென்றால் அது முதல் நாளும் இருந்ததே!

கோடைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊறும் அளவுக்கு இறைத்தால் தினமும் தண்ணீர் உண்டு. ஒட்ட இறைத்தால் மண் சரிந்து ஊற்றுக்கண் அடைபடும். மறுநாள் ஊறுவதும் பாதியாகும். தூர் வார வழியில்லை, நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே பாதிக் கிணறு இருக்கும்போதே மோட்டாரை நிறுத்த வேண்டும்: காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது, வேலைக்கு நடுவே படுத்துக்கொள்வது, தெம்பான நாளிலும் அளவை மீறாதிருப்பது.

இந்நோயை மருத்துவம் அணுகிய வரலாறு பெருமைப்படும்படி இல்லை. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்களிடையே பரவிய இத்தகைய நோயை, 1970இல் இரு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை வைத்தே 'ஹிஸ்டீரியா' என்றார்கள். 2009இல் இந்நோய்க்கு ஒரு வைரஸே காரணம் என்று ஆரவாரமாக வெளியான ஆய்வு 2011இல் திரும்பப் பெறப்பட்டது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் கைவிட்டது. தெம்பு தரும் டிரிப், மாத்திரை விளம்பரங்களை இந்த வரலாறு தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் ஒருவர் இப்படிப் படுத்திருந்தால், "நடந்தால் சரியாகும்" என்று எழுப்பாதீர்கள். செய்த வேலையையும் அடுத்த இரண்டு நாள் உடல் இருந்த நிலையையும் எழுதி வைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.