பல் செட்டுக்கு அளவு கொடுக்கப் போறீங்களா? முதல்ல மிச்சம் இருக்கிற பல்லைப் பாருங்க!

வாழவந்தியிலிருந்து பல் கட்ட சேலம் போக வேண்டுமென்றால், ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் சீசன் என்றால் ஒரு நாள் கூலியும் போச்சு. அதனால், “நாலு பல்லுதானே போயிருக்கு, இன்னைக்கே அளவெடுத்துக்குங்க டாக்டர்” என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, “இருக்கிற பல்லுல கொஞ்சம் வேலை இருக்கு, அதை முடிச்சிட்டுத்தான் அளவு” என்பார். நல்ல பல்லை ஏன் தேய்க்கணும், காசு பிடுங்கவா என்ற சந்தேகம் அங்கேதான் வரும்.

விஷயம் இதுதான். எல்லாப் பல்லும் போனவர்களின் முழு செட் ஈறு மேல் உட்காரும். சில பற்கள் மட்டும் போனவர்களுக்கான கழற்றி மாட்டும் செட், மிச்சமிருக்கும் பற்களையும் பிடித்துக்கொண்டு நிற்கும். மெல்லும்போது ஈறு அமுங்கும். பல் அவ்வளவாக அசையாது. இந்த இரண்டையும் சமாளிப்பதுதான் சவால். இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் இல்லாதவர்களுக்கு இன்னும் சிரமம். பல் இல்லாத இடங்களை 1925-ல் நான்கு வகையாகப் பிரித்த எட்வர்ட் கென்னடி, அதைத்தான் முதல் வகையாக வைத்தார்.

வேலை எப்படி நடக்கும்?

காப்பாற்ற முடியாத பல்லை எடுப்பது, சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது எல்லாம் முதலில். பல் எடுத்த இடம் ஆறச் சில வாரங்களாவது ஆகும். அடுத்து, வாயின் அச்சை ஜிப்சத்தில் வார்த்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து, செட் எந்தத் திசையில் ஏறி இறங்கும் என்று பார்ப்பார்கள். மேசை இழுப்பறை மாதிரிதான். இரண்டு பக்கச் சட்டமும் இணையாக இருந்தால்தான் சிக்காமல் வந்து போகும். அதற்காகத்தான், இடைவெளியை ஒட்டிய பற்களின் பக்கவாட்டை லேசாகச் சமன்படுத்துகிறார்கள்.

அதன் பிறகு செய்வதுதான் முக்கியமான வேலை. பல்லின் மேல்பரப்பில், கரண்டிக் குழி போல ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் எடுப்பார்கள். செட்டின் உலோக நுனி இதில் உட்காரும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் செட் கீழே இறங்கி ஈறை அழுத்தும். பிடித்துக்கொள்ளும் கொக்கிக்கும் பல்லின் தொப்பைக்குக் கீழே கொஞ்சம் உள்வாங்கல் வேண்டும். கோபால்ட் குரோமியக் கொக்கிக்குக் கால் மில்லிமீட்டரே போதும். பல்லில் அது இல்லையென்றால் பல் நிற சிமென்ட் வைத்தோ, கேப் போட்டோ உண்டாக்கலாம்.

தேய்ப்பது பெரும்பாலும் எனாமலுக்குள் முடிந்துவிடும். பலருக்கு ஊசிகூடத் தேவைப்படாது. தேய்த்த இடத்தை மழமழவென்று பாலிஷ் செய்து, ஃப்ளோரைடு தடவ வேண்டும். செட்டுக்கான கடைசி அளவை இந்த வேலைகளுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் அந்த அளவு செல்லாது.

விலை குறைந்த பிளாஸ்டிக் செட்களில் பலவற்றுக்கு இந்தத் தாங்கல் இருக்காது. தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம். வருடக்கணக்கில் அதையே மாட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பல்லின் ஈறு கீழிறங்கி, அந்தப் பல்லும் ஆட ஆரம்பிக்கலாம். அதைவிட மோசம், பதிவு பெறாதவர்கள் “நிரந்தரமா ஒட்டித் தர்றேன்” என்று மாவைக் குழைத்துப் பல்லுக்கிடையில் அப்பிவிடுவது. கழற்றிக் கழுவவே முடியாது. சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் இந்தச் சிகிச்சை செய்யலாம்.

மலையிலிருந்து வருவதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் வருகையில் மாதிரி அச்சு, அடுத்ததில் பல் சீரமைப்பும் கடைசி அளவும் என்று நடைகளைக் குறைக்க முடியும். சேலம் அரியானூரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணமும் குறைவு. “செட்டுக்குப் பல் மேல தாங்கல் இருக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

செட் வந்த பிறகு எங்காவது குத்தினால் கத்தியால் சுரண்டாதீர்கள், டாக்டரிடமே போங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சின்ன செட் தளர்ந்திருந்தால் தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடலாம். வெறும் பிளாஸ்டிக்கில் செய்தது என்றால் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது.