அம்மாவின் சேலையும் மகளின் கணினியும்

உடுத்துப் பழகிய துணிக்கு ஒரு குணம் உண்டு. சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, வெளிற வேண்டிய அளவு வெளிறி, இனி மாறுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையை அது அடைந்திருக்கும். தையல் அறிந்தோர் புதுத்துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துவதும் அந்நிலையை வருவிப்பதற்கே. பல்கலைக்கழகம் புறப்படவிருந்த என் மகளின் மடிக்கணினிக்குப் பஞ்சு வைத்த உறையொன்று தைக்க எண்ணியபோது, இவ்வுண்மை என்னை அம்மாவின் பெட்டகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது.

அதனுள் கிடந்தது அம்மா நாளாந்தம் உடுத்த பருத்திச் சேலை. அவர் மறைந்து ஆறாண்டுகளாகியும் ஒருவரும் அதை உடுத்தவில்லை, ஒருவருக்கும் கொடுக்கவுமில்லை. கத்தரிக்கோலுடன் நின்ற என்னைக் கண்ட அக்கா, "அம்மாவின்ர சீலையையோ வெட்டப் போறாய்?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அக்காவின் கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கக்கூடிய கேள்வியே. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் கந்தா என்னும் போர்வையாக்கினர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த மக்கள் வாழும் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், மிசூரி பெட்வே என்ற பெண் தம் கணவரை இழந்தார். வயலில் உழைத்து நைந்த அவருடைய உடைகளை வெட்டி இணைத்து, அவர் நினைவாகவே 1942ஆம் ஆண்டு ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன், நியூயோர்க் நகரங்களின் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. பெட்டியில் பூட்டி வைப்பதும் நினைவுதான், போர்த்திக்கொள்வதும் நினைவுதான். மிசூரி அம்மையார் பின்னையதைத் தேர்ந்தார்.

இதை அக்காவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "முந்தானையைத் தொடாதை" என்றார். உள்தலைப்பிலிருந்து இரண்டு முழம் மட்டும் வெட்டினேன்.

வேலை எளிதன்று. வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, இடையிலே பஞ்சுத் தகடு என மூன்று படைகள். இவற்றை ஊடுருவி நெருக்கமாக நூலோட வேண்டும். இல்லையெனில் பஞ்சு நாளடைவில் ஒரு மூலையிலே திரண்டுவிடும். நூலோட ஓடத் துணி உட்குறுகும். ஆதலின் பெரிதாக எடுத்துத் தைத்த பின்னரே அளவுக்கு வெட்டுதல் நன்று. அளவிலேயும் நான் ஒருமுறை ஏமாந்தேன். கணினிக்குச் சொல்லப்படும் 14 அங்குலம் திரையின் மூலைக்கு மூலையான அளவு. அதையே அகலமாகக் கொண்டு பழைய தலையணை உறையில் நான் தைத்துப் பார்த்த முதலுறை தொளதொளத்துத் தொங்கிற்று. கணினியையே அளந்து, அகலத்தோடு அதன் தடிப்பையும், இருபுறத் தையலுக்கு அரை அரை அங்குலத்தையும், பஞ்சின் பருமனுக்குச் சிறிதையும் கூட்டிய பின்னரே உறை பொருந்தியது. உலோகச் சிப் கணினியின் விளிம்பைக் கீறக்கூடும். எனவே மூடிபோன்ற மடிப்பும் ஒரு பொத்தானும் போதுமென விட்டேன்.

அம்மாவின் துணியை வெளியே வைக்கவில்லை. காண்போர் மெச்சுவதற்கு அது அலங்காரமன்று. மெதுமையாகிவிட்ட அத்துணி உட்புறமாக இருந்து கணினியைத் தாங்கட்டும் என்று எண்ணினேன். கடையிலே இதனினும் அழகான உறையைச் சிறிது நேரத்தில் வாங்கலாம். எனக்கோ ஐந்து மாலைகள் சென்றன. அந்த மாலைகளில் பிரிவைப் பற்றி வீட்டிலே எவரும் பேசவில்லை, தைத்துக்கொண்டிருந்தோம்.

பொத்தான் மட்டும் எஞ்சியிருந்த இரவில் அக்கா அருகில் வந்து உறையின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "கொண்டா, பொத்தானை நான் தைக்கிறன்" என்றார். கண் மங்கிய அவரால் ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. மகளைக் கூப்பிட்டார், அவள் கோத்துக் கொடுத்தாள்.