காட்டெருமையைக் கொன்றவர் யார்?

வெள்ளைக் குதிரை ஒன்று துள்ளி எழுகிறது. அதன் மேல் ஒரு வீரன். கையிலே நீண்ட ஈட்டி. எதிரே கரும்பாறை போல ஒரு காட்டெருமை. அவன் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். அதுவோ குதிரையின் மார்பில் கொம்பை ஏற்றுகிறது. வெல்லப் போவது யார்? அல்லது இருவருக்குமே அதுதான் கடைசி நாளா?

சுற்றிலும் செத்து விழுந்த எருமைகள். புல்லிடையே வெளுத்துப் போன மண்டையோடுகள். அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மந்தை மந்தையாக எருமைகள். தொலைவில் பனி மூடிய மலைகள். மானும் நரியும் முயலும்கூடத் திரும்பி நின்று இந்தப் போரைப் பார்க்கின்றன!

சுமார் 6 அடி உயரமும் 10 அடி அகலமும் உள்ள இந்தத் தைல வர்ணச் சித்திரம் 1888-ம் ஆண்டில் தீட்டப்பட்டது. பெயர், 'கடைசிக் காட்டெருமைகள்'. தீட்டியவர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் அது இப்போது இருக்கிறது.

அழகான சித்திரந்தான். ஆனால் அதில் ஒரு பெரிய பொய்யும் ஒளிந்திருக்கிறது.

புகழின் உச்சியில்

பியர்ஸ்டாட் 1830-ல் ஜெர்மனியில் உள்ள ஸோலிங்கனில் பிறந்தார். இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவில் குடியேறிவிட்டது. வாலிபரானதும் ஜெர்மனிக்கே திரும்பிப் போய், டுஸ்ஸல்டார்ப் நகரில் ஓவியம் பயின்றார்.

1859-ல் லாண்டர் என்ற அதிகாரி தலைமையில் மேற்கே பாதை அளக்கச் சென்ற கூட்டத்தோடு அவரும் புறப்பட்டார். ராக்கி மலைகளைக் கண்டார். பழங்குடி மக்களைக் கண்டார். கண்டதையெல்லாம் சிறு சிறு சித்திரங்களாகத் தீட்டி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பிறகு அவர் காட்டில் பண மழைதான்! அந்த மலைகளைப் பற்றி 1863-ல் தீட்டிய ஒரே ஒரு சித்திரம் 25,000 டாலருக்கு விலை போயிற்று. ஹட்ஸன் நதிக்கரையில் மாளிகை கட்டிக்கொண்டு வாழ்ந்தார்.

வறட்டி முதல் கூடாரம் வரை

அமெரிக்கக் காட்டெருமை என்றதும் நம் ஊர்க் குளத்தில் படுத்துக் கிடக்கும் எருமையை நினைத்துவிடக் கூடாது. தலையிலும் தோளிலும் சடை சடையாக ரோமம். முதுகில் திமில் போல ஒரு மேடு. பெரிய காளை ஒன்றின் எடை ஏறக்குறைய 900 கிலோ இருக்கும். வெள்ளையர் வருவதற்கு முன் குறைந்தது 3 கோடி எருமைகள் அங்கே மேய்ந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 6 கோடி என்பாரும் உண்டு.

லகோட்டா, செயென் முதலிய பழங்குடியினருக்கு இந்த எருமைதான் உலகம். இறைச்சி அவர்களுக்கு உணவு. தோல்தான் உடை, தோல்தான் கூடாரம். எலும்பு கருவியாயிற்று. மரமில்லாத புல்வெளியில் அடுப்பெரிக்கச் சாணம் உதவியது, நம் வீட்டு வறட்டி போலவே!

தோலுக்கு வந்த கேடு

அப்படியானால் கோடிக்கணக்கான எருமைகள் எங்கே போயின?

எருமைத் தோலைப் பதனிட்டு உறுதியான தோலாக்கும் வழியை 1871-ஐ ஒட்டித் தோல் ஆலைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை இயந்திரங்களைச் சுழற்றும் பெல்ட்டுக்கு அது பொருத்தமாக இருந்தது. அவ்வளவுதான்! தூரத்திலிருந்தே சுடக்கூடிய துப்பாக்கிகளோடு வேட்டைக்காரர்கள் ரயில் ஏறி வந்தார்கள். சுட்டார்கள்; தோலை உரித்தார்கள்; இறைச்சியை அப்படியே அழுக விட்டார்கள். தோல் கட்டுகள் ரயில் ஏறி ஆலைகளுக்குப் போயின. பின்னாலேயே வேறு சிலர் வந்து எலும்பையும் பொறுக்கி உரத்துக்கு விற்றார்கள்.

பழங்குடியினரும் வியாபாரிகளுக்குத் தோல் விற்றது உண்டு. ஆனால் மந்தைகளை அடியோடு அழித்தது ஆலைக்கான வேட்டையே. எருமை ஒழிந்தால் பழங்குடியினர் பட்டினியால் பணிவார்கள் என்று கணக்குப் போட்ட ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். எருமையைக் காக்க 1874-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி கிராண்ட் அதில் கையெழுத்திடவே இல்லை!

1883-க்குள் பெரிய மந்தைகள் எல்லாம் முடிந்துவிட்டன. வில்லியம் ஹார்னடே என்ற விலங்கியல் நிபுணர் 1889-ன் தொடக்கத்தில் கணக்கெடுத்தார். கூண்டிலும் காட்டிலும் எல்லாம் சேர்த்து வட அமெரிக்கா முழுவதிலும் அவருக்குக் கிடைத்த தொகை 1,091. இவற்றில் பல வடக்கே கனடாவின் காடுகளில் இருந்தவை.

இப்போது சித்திரத்தை மறுபடியும் பாருங்கள். அது தீட்டப்பட்ட 1888-ல் அந்த மந்தைகள் எங்கே இருந்தன? ஓவியரின் நினைவில்தான்! போகட்டும், துப்பாக்கிக்காரன் எங்கே? ரயில் எங்கே? தோல் கட்டு எங்கே? ஒன்றும் இல்லை. கொலைக்களத்தில் ஈட்டியோடு நிற்பவன் பழங்குடி வீரன் மட்டுமே. எந்த எருமை போனதால் எவன் வாழ்வு போயிற்றோ, அவன் தலையிலேயே பழி!

ஓவியரின் வீழ்ச்சி

விதி ஓவியரையும் விடவில்லை. 1882-ல் அவருடைய மாளிகை தீக்கிரையாயிற்று. 1889-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இந்தச் சித்திரத்தை அனுப்ப விரும்பினார். அமெரிக்கத் தேர்வுக் குழு மறுத்துவிட்டது. அவருடைய பாணி பழையதாகிவிட்டது என்பது அவர்கள் எண்ணம். 1893-ல் மனைவி காச நோயால் இறந்தார். 1895-ல் பியர்ஸ்டாட் திவாலானார். ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய மனிதர், 1902-ல் மறக்கப்பட்டவராகவே கண் மூடினார்.

அதே 1902-ல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மிஞ்சியிருந்த காட்டெருமைகள் இருபத்து சொச்சம்!

மீண்டும் வந்தன

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தனியார் வளர்த்தவற்றில் சிலவற்றை வாங்கி வந்து பூங்காவில் பெருக்கினார்கள். 1905-ல் ஹார்னடே தலைமையில் காட்டெருமைச் சங்கம் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து 15 எருமைகள் ஒக்லஹோமா புல்வெளிக்குப் புறப்பட்டன. எந்த ரயில் அவற்றின் தோலைச் சுமந்ததோ, அதே ரயில் இப்போது அவற்றை உயிரோடு சுமந்து போயிற்று!

இன்று யெல்லோஸ்டோனில் மட்டும் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. 2016-ல் காட்டெருமை அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாக அறிவிக்கப்பட்டது. ஓவியரின் பெயரும் மீண்டது. தேர்வுக் குழு தள்ளிய அதே சித்திரம் 1998-ல் அமெரிக்கத் தபால் தலையில் இடம் பெற்றது.

எருமைகள் மீண்டன, ஓவியர் மீண்டார். அந்த வெள்ளைக் குதிரை வீரன் மட்டும் இன்னும் ஈட்டியோடு நிற்கிறான், தான் செய்யாத கொலைக்குச் சாட்சியாக.