அன்போடு அறிவும் வேண்டும்

பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் நாய்கள் ஓடி விளையாடத் தனி இடம் உள்ளது. அங்கு வருவோர் பலர், தங்கள் நாயைக் குடும்பத்தில் ஒருவராகவே கருதுகின்றனர். ஆனால், நாம் விரும்பி உண்பவை எல்லாம் நாய்க்கு ஏற்றவை அல்ல. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். அதனால், சாக்லேட் அதற்கு நஞ்சாகிவிடும். வெங்காயமும் திராட்சையும்கூடத் தீங்கு விளைவிக்கும்.

நாய்க்கு ஏற்ற உணவை ஆராய்வது இன்று ஒரு தனித்துறை. அதன் வளர்ச்சிக்கு ஒரு நாயின்மீது கொண்ட அன்பும் காரணமாக இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் பார்வையற்றவர். 1939ஆம் ஆண்டில் அவருடைய வழிகாட்டி நாய் சிறுநீரக நோயால் வாடியது. அதைக் காப்பாற்றுமாறு அவர் விலங்கு மருத்துவர் மார்க் மோரிஸை நாடினார். சிறுநீரகத்தின் சுமை குறைய, மருத்துவர் புரதம் குறைந்த உணவைத் தயாரித்தார். நாயின் உடல்நிலை தேறியது. 1948இல் ஒரு நிறுவனம் அவ்வுணவை டின்களில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஒரு நாய்க்காகச் செய்த உணவு பல நாய்களுக்கு உதவியது.

சிங்கப்பூரில் விலங்கு நலத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள், தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் பயிலலாம். செல்லப்பிராணியின்மீது நாம் கொண்ட அன்பு, அதன் உடலைப் பற்றிய அறிவோடு சேரும்போதுதான் அதற்கு நன்மை தரும்.