மடியில் கட்டும் ஓணான்

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம் என்பது நம்மவர் பழமொழி. இலண்டன் அடுக்குமாடிகளில் அப்பழமொழி இன்று நேர்ப்பொருளே பெற்றுவிட்டது. நாய்க்கும் பூனைக்கும் இடமில்லாத வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் செல்லப்பிராணிகளுள் 'தாடி ஓணானும்' ஒன்று.

அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய இவ்வுயிர், நம்மூர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததே. சினங்கொண்டால் தொண்டை கறுத்துப் புடைப்பதால் இப்பெயர் பெற்றது. அவுஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதில்லை. ஆகவே இங்கு கடைகளில் விற்கப்படுபவை தலைமுறைகளாக அந்நிய மண்ணில் பிறந்தவை. தம் மூதாதையரின் வெயிலை அறியாதவை. ஆயினும் அவற்றின் உடல் அந்த வெயிலையே கேட்கிறது.

வளர்ந்த ஓணானுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமுமான பெட்டி வேண்டும். அதன் ஒரு முனையில் 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரையான வெப்பமும், மறுமுனையில் 22 முதல் 26 பாகை வரையான தணிவும் இருத்தல் அவசியம். வெப்பம் மட்டும் போதாது. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர் கிடைத்தாலன்றி அதன் உடலில் விற்றமின் டி உருவாகாது. உண்ணும் கல்சியமும் எலும்பில் சேராது. தாடை மென்மையுற்று, கால்கள் வளைந்து, ஈற்றில் அது நடக்கவும் இயலாது போகும். யன்னலோரத்தில் பெட்டியை வைப்பதாற் பயனில்லை. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும்.

இதனை இலண்டன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அறிந்திருந்தது. ரீஜன்ற்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் 1927இல் திறக்கப்பட்ட ஊர்வன இல்லத்தை வடிவமைத்தவர், அங்கு ஊர்வனவற்றின் பொறுப்பாளராயிருந்த ஜோன் புறொக்ரர் என்னும் பெண்மணி. இடத்துக்கிடம் வேறுபடும் மின்வெப்பத்தையும், புறஊதாக் கதிரை உட்புகவிடும் தனிவகைக் கண்ணாடியையும் அவர் அங்கு அமைத்தார். இன்று அவ்வேலையைச் செய்வது புறஊதா மின்குமிழ். ஆனால் அது கண்ணுக்குப் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் வற்றிவிடும். வகைக்கேற்ப ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அதனை மாற்றியே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் நினைத்துக்கொள்வது நன்று. வெயிற் குறைவால் பிள்ளைகளின் கால்களை வளைக்கும் றிக்கற்ஸ் நோய் பிரித்தானியாவின் தெற்காசியக் குடும்பங்களை வருத்தியமையால், 1981இல் அதற்கெதிராக ஓர் இயக்கமே நடத்தப்பட்டது. கருநிறத் தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி உட்கொள்வது பற்றிச் சிந்திக்க வேண்டுமென்பது இந்நாட்டு அரச சுகாதாரச் சேவையின் அறிவுரை. ஓணானுக்கு விளக்குத் தேடும் வீட்டார் பிள்ளைகளின் எலும்பையும் மறத்தலாகாது.

உணவு எளிது: கல்சியத் தூள் தூவிய சில்வண்டு, வெட்டுக்கிளி, பலவகைக் கீரை. வளர வளரக் கீரையே மிகுதியாதல் வேண்டும். ஊர்வனவற்றிலிருந்து சல்மொனெல்லா என்னும் கிருமி தொற்றக்கூடுமாதலால், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. பாத்திரம் கழுவும் தொட்டியில் அதன் பெட்டியைக் கழுவற்க. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு இது உகந்ததன்று.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பிராணிக்கு உரிய சூழலையும் உணவையும் மருத்துவத்தையும் அளிக்கும் கடமையை வளர்ப்பவர் மீது சுமத்துகிறது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விலங்கு விற்றலும் அச்சட்டப்படி குற்றம். பிள்ளை ஆசைப்பட்டாலும் பொறுப்பு பெற்றோருடையதே. பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் இது. பகல் முழுதும் விளக்கெரிய மின்கட்டணம் ஏறும். எல்லா மிருக வைத்தியரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதுமில்லை.

புகலிட மனுவின் முடிவுக்குக் காத்திருந்து, அடுத்த மாதம் எந்நகருக்கு மாற்றப்படுவோமென அறியாத குடும்பம் இவ்வாசையைச் சற்றே தள்ளிவைப்பதே அறம். நிலையான கூரை கிடைத்தவர்கள் வளர்க்கலாம். அவர்கள் பெட்டியும் விளக்கும் வாங்கி, சில நாள் எரியவிட்டு வெப்பம் அளந்து பார்த்த பின்னரே ஓணானைக் கொண்டு வருக. குமிழ் மாற்றிய திகதியைப் பிள்ளையின் கையாலேயே எழுதிப் பெட்டியில் ஒட்டிவைக்கச் செய்க.