விலையைக் கடைசியாகக் கேளுங்கள்: தமிழ் மலருக்கு வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா. ஜனவரியிலேயே ஆசிரியர் அறையில் பேச்சு ஆரம்பமாகிவிடும்: "இந்த வருஷம் மலரை யார்கிட்ட கொடுக்கலாம்?" மலர் மட்டுமா? பதாகை, சான்றிதழ், டி-சட்டை, புத்தகக்குறி என்று வேலை நீளும். வழக்கமாக என்ன செய்கிறோம்? மூன்று நிறுவனங்களிடம் கோட்டேஷன் வாங்குகிறோம். பள்ளியின் கொள்முதல் விதியும் பெரும்பாலும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. மூன்றில் விலை குறைந்தது வென்றுவிடுகிறது.

ஆங்கில வேலைக்கு இது பெரிய ஆபத்தில்லை. தமிழ் வேலைக்கு இதில் ஒரு படி குறைகிறது. விலையைப் பார்ப்பதற்கு முன், அந்த நிறுவனத்தின் கையிலிருந்து ஒரே ஒரு பக்கம் தமிழ் வெளியே வருவதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கணினியில் 'மொழி' என்று தட்டும்போது, யூனிகோடு முறைப்படி முதலில் 'ம' சேமிக்கப்படுகிறது. அதற்குப் பின்னால்தான் ஒகரக் குறி வருகிறது. ஆனால், திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு மகரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். சேமிப்பில் ஒரு வரிசை, பார்வைக்கு இன்னொரு வரிசை. இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருள். நம் கைப்பேசி இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளிலோ, அதற்கான அமைப்பைத் தேர்வு செய்திருந்தால்தான் சரியாக வரும். அடோபி இன்டிசைனில் அதன் பெயர் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்'. அதைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம், கால் தனியாகத் தொங்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு இது பிழையாகவே தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாம் அழகான வளைவுகள்தான்! பொது இடத்துப் பலகைகளிலும் கையேடுகளிலும் தமிழ் எழுத்து இடம் மாறி அச்சாகி, பிறகு திருத்தப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அவற்றில் பலவற்றின் வேர் மொழிபெயர்ப்பில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

ஆகவே, கோட்டேஷன் கேட்கும்போதே ஒரு சோதனை வாக்கியத்தையும் அனுப்புங்கள். நான் பயன்படுத்துவது இது:

"ஸ்ரீதேவியும் லக்ஷ்மியும் கௌதமனோடு கோயிலுக்குப் போய், எஃகு வாளோடு நின்ற வீரனின் சிலையைக் கண்டு, பொழுது சாயவே வீடு திரும்பினர்."

கதை சுமார்தான், மன்னியுங்கள். ஆனால் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம், ஆய்தம், கிரந்தக் கூட்டெழுத்து எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. இதை ஒரு தலைப்பாகவும், சிறிய எழுத்தில் ஒரு பத்தியாகவும் அமைத்து பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். 'கௌ' என்பதன் கடைசிக் குறி 'ள' என்ற எழுத்தாக மாறியிருக்கிறதா, 'க்ஷ' இரண்டாக உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிடிஎஃப் கோப்பிலிருந்து அந்த வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை வந்தால், அவர் பாமினி போன்ற பழைய எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்துகிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அவை ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ் முகமூடிகள். அச்சில் அழகாகவே இருக்கும். ஆனால், மலரை இணையத்தில் ஏற்றினால் தேட முடியாது. அடுத்த ஆண்டு ஒரு கட்டுரையை எடுத்துப் பயன்படுத்த நினைத்தால் மறுபடியும் தட்டெழுத வேண்டியிருக்கும்.

"எங்களிடம் நல்ல யூனிகோடு எழுத்துரு இல்லை டீச்சர்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்த மலர், மீரா இனிமை, பலூ தம்பி ஆகியவை கூகல் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமம் கொண்டவை என்பதால் அச்சிலும் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம்.

எழுத்து சரியாக வந்த பிறகும் பார்க்க வேண்டியவை சில உண்டு. வடிவமைப்பாளர்களுக்கு ஆங்கிலத் தலைப்பை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அமைப்பதில் ஆசை அதிகம். அதையே தமிழில் செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று விலகிப் போகும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது சொல்லை உடைப்பது. இடம் போதவில்லை என்று 'தமி' ஒரு வரியிலும் 'ழ்மொழி' அடுத்த வரியிலும் நிற்கும். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது நமக்குப் பழக்கம், அவருக்குச் செய்தி. முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியென்றால் தமிழ் தெரிந்த நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டுமா? அப்படியில்லை. தமிழ் படிக்கத் தெரியாமலே மிக நேர்த்தியாக வேலை செய்யும் அச்சகங்கள் உண்டு. வேறுபாடு அவர்கள் பேசும் விதத்தில் தெரியும். "எங்களுக்குத் தமிழ் தெரியாது, யார் மெய்ப்புப் பார்ப்பீர்கள்? எத்தனை தடவை?" என்று கேட்பவரை நம்பலாம். "ஒண்ணும் பிரச்சினை இல்ல, நாங்களே மொழிபெயர்த்துப் போட்டுடுவோம்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தேவைப்பட்டால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பக்க அமைப்பைத் தமிழ் அறிந்தவரிடமும் அச்சை அச்சகத்திடமும் கொடுப்பது பல சமயம் நல்ல வழி. அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துருவைப் பதித்தோ, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றியோ அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அச்சகத்தில் எழுத்து குலையாது. கோட்டுருவில் பிழை திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பும் தனியாக இருக்க வேண்டும்.

இனி விலை. மூன்று கோட்டேஷன்களை ஒப்பிடுகிறோம் என்றால் மூன்றும் ஒரே பொருளுக்கானதாக இருக்க வேண்டும். ஒருவர் 128 கிராம் தாளுக்கும் இன்னொருவர் 80 கிராம் தாளுக்கும் விலை சொன்னால் அது ஒப்பீடே இல்லை. நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். 30 பக்கம் கேட்டால் 32க்குத்தான் வரும். 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சொன்ன விலையில் அது அடங்குமா என்று கேளுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பல அச்சகங்கள் மூடியிருக்கும், அதையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தேர்வில் அலுவல் மின்னஞ்சல் எழுதப் பழகும் நீங்கள், ஆசிரியர் குழுவில் இருந்தால் இதை உண்மையாகவே எழுதலாம். கோட்டேஷனுக்கு 'விலைப்புள்ளி' என்றும் புரூஃபுக்கு 'மெய்ப்பு' என்றும் எழுதுங்கள். ஒரு மாதிரி:

"வணக்கம். எங்கள் பள்ளியின் தமிழ்மொழிப் பிரிவு, மாணவர்களின் படைப்புகளைத் தொகுத்து ஒரு மலர் வெளியிட உள்ளது. ஏ5 அளவு, அட்டை உட்பட 32 பக்கங்கள், முழு வண்ணம், 200 பிரதிகள் தேவைப்படும். வடிவமைப்புக்கும் அச்சுக்கும் தனித்தனியே விலைப்புள்ளி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று முறை மெய்ப்புத் திருத்தம், அச்சிட்ட மாதிரிப் பிரதி ஒன்று, மூலக் கோப்பு ஆகியவை அவ்விலையில் அடங்குமா என்பதையும் தெரிவியுங்கள். இணைப்பில் உள்ள வாக்கியத்தை ஒரு பக்கத்தில் அமைத்து அனுப்பினால் உதவியாக இருக்கும். நன்றி."

கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. கேட்க வேண்டிய ஒவ்வொன்றும் எண்ணோடு இருக்கிறது. விரிவாக எழுதுகிறேன் என்று பள்ளியின் வரலாற்றை இதில் சேர்த்துவிடாதீர்கள்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு பேச வேண்டியது உரிமை. மலருக்காக நிழற்படக்காரர் ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்தினால், படங்கள் நமக்குத்தான் சொந்தம் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு எழுத்தில் இல்லையென்றால் அவற்றின் உரிமை எடுத்தவருக்கே. எந்தெந்த இடத்தில் எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாணவர் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கடைசி மெய்ப்பில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டபின் தெரியும் பிழைக்குப் பொதுவாக அச்சகம் பொறுப்பேற்காது. எழுதியவரே மெய்ப்புப் பார்த்தால் கண் தான் நினைத்ததையே படிக்கும். எனவே, கட்டுரையை முன்பு பார்த்திராத இரு மாணவர்களிடம் கொடுங்கள். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்கட்டும், மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடரட்டும். திரையில் வேண்டாம், தாளில் அச்செடுத்துச் செய்யுங்கள். அட்டையையும் முதுகுப் பக்கத்தையும் மறக்காதீர்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பிழையைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.